காரணமும் சான்றும்: நாகூர்க் கராமத்து இலக்கியத்தை வாசிக்கும் முறை

தமிழ் முஸ்லிம் புலவர்கள் அற்புதத்தைக் குறிக்கக் கையாண்ட சொற்களுள் ‘காரணம்’ என்பது தனித்துச் சிந்திக்கத் தக்கது. நபிமார்களிடமும் இறைநேசர்களிடமும் வெளிப்பட்ட, இயல்பை மீறிய நிகழ்ச்சிகளை அவர்கள் காரணங்கள் என்றனர். அவற்றைத் தொகுத்துப் பாடிய காவியத்துக்குத் ‘திருக்காரணப் புராணம்’ என்று பெயரிட்டனர். பொது வழக்கில் காரணம் என்பது ஒன்றை விளைவிப்பது. காரியம் என்பது விளைவது. நெருப்புக்கும் எரிதலுக்கும் உள்ள அந்தத் தொடர்பு அறுந்து நிற்கும் நிகழ்ச்சிக்கே ‘காரணம்’ என்று பெயரிட்டது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றும். எனினும், கண்ணுக்குப் புலப்படும் காரணங்கள் விலகி நிற்கும்போது உண்மையான காரணமாகிய இறைநாட்டம் வெளிப்படுகிறது என்று அச்சொல்லுக்குப் பொருள் கொள்ள இடமுண்டு. அவ்வாறு கொண்டால், அந்த ஒரு சொல்லுக்குள் ஓர் இறையியலே அடங்கியிருக்கக் காணலாம்.

இந்த இறையியலைப் பற்றி நம் சமூகத்தில் கடந்த சில பத்தாண்டுகளாக நடந்துவரும் வாதம் பெரும்பாலும் இரு முனைகளில் நிலைகொண்டுவிட்டது. இறைமறையில் அற்புதங்கள் சொல்லப்பட்டிருப்பதால் அவ்லியாக்களைப் பற்றி வழங்கும் ஒவ்வொரு வரலாற்றையும் ஐயுறாது ஏற்பதே ஈமானின் அடையாளம் என்பது ஒரு முனை. அவை யாவும் புனைவு, அவற்றை அச்சிடுவதே குற்றம் என்பது மறுமுனை. இரண்டும் நம் பழைய கலாம் அறிஞர்கள் வகுத்துவைத்த ஒரு நுட்பமான வேறுபாட்டைத் தவறவிடுகின்றன. காவிரிப் படுகையின் கடைமுனையில், கடலோரத்தில் அமைந்த நாகூரின் கராமத்து இலக்கியத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்வேறுபாட்டை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

நூல்களும் நிகழ்ச்சிகளும்

உத்தரப் பிரதேசத்து மாணிக்கப்பூரில் பிறந்து, பல நாடுகளில் பயணம் செய்து, இறுதியில் நாகூரில் தங்கிய ஷாஹுல் ஹமீது காதிர் வலீ (ரஹ்) அவர்கள் மறைந்தது ஹிஜ்ரி 978, அதாவது கி.பி. 1570 என்பது மரபு. அவர்களைப் பற்றி இன்று பரவலாக அறியப்படும் தமிழ்ப் பெருநூல்கள் அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் பிற்பட்டவை. ‘புலவர் நாயகம்’ எனப் புகழப்பெற்ற சேகனாப் புலவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருக்காரணப் புராணத்தை இயற்றினார். நாகூர் குலாம் காதிறு நாவலர் (1833–1908) அந்நூற்றாண்டின் இறுதியில் ‘நாகூர்ப் புராணம்’ பாடியதோடு, ‘கன்ஜுல் கராமாத்து’ என்னும் உரைநடை நூலையும் ஆக்கினார். காவியம் புலவர் அவைக்குரியது; உரைநடை நூலோ இல்லங்களில் வாய்விட்டு வாசிக்கப்படுவது. ஆகவே நாவலரின் உரைநடை, கராமத்துகளைக் கேட்கும் வட்டத்தைப் பெரிதும் விரிவாக்கியது.

இம்மரபு சொல்லும் நிகழ்ச்சிகளுள் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் தீராப் பிணியுற்றுக் கிடந்தபோது, ஊசிகள் குத்தப்பட்ட புறா ஒன்று அரண்மனையில் சூனியமாக வைக்கப்பட்டிருப்பதை அறிந்து, அவ்வூசிகளைக் களையச் செய்து அரசரை நலமுறச் செய்தது ஒன்று. பிள்ளைப்பேறற்ற லாகூர் இல்லத்தாருக்குத் தாம் மென்ற வெற்றிலையைக் கொடுத்து, அதனால் யூசுப் என்னும் மகன் பிறந்தது மற்றொன்று. முகம் மழித்துக்கொண்டிருக்கையில் கையிலிருந்த கண்ணாடியை வீசி, நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலை அடைத்துக் காத்தது மூன்றாவது. நாகூர் தர்காவில் இன்றும் புறாக்கள் விடப்படுவதும், கப்பல், வீடு, கை, கால், கண் முதலிய உருவங்கள் பொறித்த வெள்ளித் தகடுகள் காணிக்கையாக்கப்படுவதும் இக்கதைகளோடு உறவுடையவை. 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங் எழுப்பிய 131 அடி உயரப் பெரிய மனாராவும் நிறைவேறிய வேண்டுதலின் நன்றிக்கடன் என்றே சொல்லப்படுகிறது.

மறை தரும் இடம்

இயல்பை மீறிய நிகழ்ச்சி நபியல்லாத ஒருவரிடம் நிகழக்கூடுமா என்னும் வினாவுக்கு இறைமறை தெளிவான விடை தருகிறது. மர்யம் (அலை) அவர்களின் தொழுமிடத்துக்குள் ஸகரிய்யா (அலை) நுழையும்போதெல்லாம் அங்கே உணவிருக்கக் கண்டதை ஆலு இம்ரான் அத்தியாயம் (3:37) கூறுகிறது. வேத அறிவு பெற்ற ஒருவர் கண்ணிமைக்கும் நேரத்தில் ஸபா அரசியின் அரியணையைக் கொணர்ந்ததை அந்நம்ல் (27:40) சொல்கிறது. குகைத் தோழர்களின் நெடுந்துயில் அல்கஹ்ஃப் அத்தியாயத்தில் சொல்லப்படுகிறது. மர்யமும், அந்தக் குகை இளைஞர்களும், முஃபஸ்ஸிர்கள் பலர் ஆஸிஃப் இப்னு பர்கியா என்று பெயர் சுட்டும் அந்த அறிவுடையாரும் நபிமார்கள் அல்லர் என்பதே பெரும்பான்மை அறிஞர் முடிவு. ஆகவே கராமத்து என்பதையே முற்றாக மறுப்பவர், தாம் நிற்கும் தளத்தையே அகழ்கிறார். முஃதஸிலாக்களுள் பலர் அதை மறுத்தனர். அஷ்அரீகளும் மாத்துரீதீகளும் ஏற்றனர். தர்கா வழிபாட்டைக் கடுமையாகக் கண்டித்த இப்னு தைமிய்யா (ரஹ்) கூடத் தம் கொள்கை ஏட்டில் கராமத்தை உண்மையெனவே குறித்தார்.

அதே இறைமறை மற்றொன்றையும் சொல்கிறது. நீரூற்றைப் பீறிடச் செய், தோட்டத்தை உண்டாக்கு, வானத்தில் ஏறிக் காட்டு என்று மக்கத்துக் குறைஷியர் அடுக்கிய கோரிக்கைகளை பனூ இஸ்ராயீல் அத்தியாயம் (17:90–93) வரிசையாக எடுத்துரைக்கிறது. அதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தரும்படி பணிக்கப்பட்ட விடை, தாம் தூதராக அனுப்பப்பட்ட ஒரு மனிதரே என்பது. இறைவனின் கருவூலங்கள் தம்மிடம் உள்ளன என்றோ மறைவானதைத் தாம் அறிவதாகவோ கூறவில்லை என அறிவிக்குமாறு அல்அன்ஆம் (6:50) ஆணையிடுகிறது. ஆக, அற்புதம் நிகழும் என்பதையும், அற்புதத்தைக் கோரி அதன்மேல் நம்பிக்கையை எழுப்புவது பக்குவமன்று என்பதையும் ஒருங்கே சொல்கிறது மறை. நம் மேடைகளில் இவற்றுள் ஒன்றே ஒலிப்பது வழக்கமாகிவிட்டது.

ஒரே ஏட்டில் இரு விதிகள்

தர்ஸே நிஜாமி பாடத்திட்டத்தைப் பின்பற்றும் மத்ரஸாக்களில் ஓதப்படும் அகாயித் நூல், ஹிஜ்ரி 537-இல் மறைந்த இமாம் நஜ்முத்தீன் உமர் அந்நஸஃபீ (ரஹ்) அவர்களுடையது. மிகச் சுருங்கிய அவ்வேட்டில், அவ்லியாக்களின் கராமத்து உண்மை என்னும் விதி இருக்கிறது. நெடுந்தொலைவைக் குறுகிய நேரத்தில் கடத்தல், தேவையுற்றபோது உணவு தோன்றல், நீர்மேல் நடத்தல் முதலியவை எடுத்துக்காட்டுகளாக அங்கே தரப்பட்டுள்ளன. கராமத்தை வலியுறுத்துவோர் இவ்விதியை நன்கறிவர். அதே ஏட்டின் தொடக்கத்தில் அமைந்த மற்றொரு விதிதான் மறக்கப்படுகிறது.

அறிவு பெறும் வாயில்கள் மூன்று என நஸஃபீ தொடங்குகிறார்: பழுதற்ற புலன்கள், உண்மையான செய்தி, பகுத்தறிவு. உண்மையான செய்தி என்பதையும் இரண்டாகவே வரையறுக்கிறார். பொய்யில் ஒன்றுகூட இயலாத பெருந்தொகையினர் வழிவழியாக அறிவித்தது ஒன்று. முஃஜிஸாவால் உறுதிபெற்ற இறைத்தூதரின் செய்தி மற்றொன்று. இதனையடுத்து, உள்ளத்தில் உதிக்கும் இல்ஹாம் ஒன்றின் மெய்ம்மையை அறியும் வாயிலன்று எனக் கூறிவிடுகிறார். இவ்வேட்டுக்கு விரிவுரை கண்ட தஃப்தாஸானீ (ரஹ்) இதனை இன்னும் தெளிவாக்குகிறார். இல்ஹாமால் ஒருவருக்கு அறிவு கிட்டலாம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பொதுமக்களுக்கான அறிவு வாயில் ஆகாது, பிறர்மேல் கட்டாயமாக்கவும் இயலாது என்பது அவர் விளக்கம்.

இவ்விரு விதிகளையும் இணைத்து நோக்குங்கால் நாம் தேடும் வேறுபாடு தெளிவாகிறது. கராமத்து நிகழக்கூடும் என்பது கொள்கை. இன்ன நாளில், இன்ன ஊரில், இன்னாரிடம், இன்ன கராமத்து நிகழ்ந்தது என்பது செய்தி. கொள்கையை ஏற்பது ஈமானின் பாற்படும். செய்தியை ஏற்பதோ செய்தியின் தரத்தைப் பொறுத்தது. தனிமனிதர் தரும் செய்தி, அவர் நம்பத்தக்கவரேயாயினும், உறுதியான அறிவைத் தராது, கருத்தளவையே தரும். நபிமொழிக்கே அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்து ஸஹீஹ், ஹஸன், ளயீஃப் என்று தரம் பிரித்த ஒரு சமூகம், கராமத்துச் செய்தியை ஆராய்வதைப் பழிச்செயலாகக் கருத நியாயமில்லை.

அச்சுதப்ப நாயக்கர் கதையையே இவ்வளவுகோலால் நோக்குவோம். தஞ்சை நாயக்கர் அரசை நிறுவிய செவப்ப நாயக்கரின் காலத்திலேயே மகன் அச்சுதப்பர் இணையாட்சி புரிந்ததாக வரலாற்றாசிரியர் சிலர் கருதுவதால், காதிர் வலீ (ரஹ்) அவர்களின் காலத்தோடு கதை முரண்படவில்லை. ஆனால் காலம் பொருந்துவது ஊசி குத்திய புறாவுக்குச் சான்றாகிவிடாது. அரசரின் ஆதரவு நாகூருக்கு இருந்தது என்பதை நம்ப அது துணைபுரியலாம். புறாவைப் பற்றிய செய்தி அதற்கு அப்பால் வேறு சான்றை வேண்டி நிற்கிறது.

பழைய அச்சில் வார்த்த கதைகள்

இலக்கிய விமர்சகன் இங்கே கவனிக்க வேண்டியது, இக்கதைகள் முந்தைய மறைச்செய்திகளின் அச்சில் அமைந்திருக்கும் முறை. லபீத் என்பவன் சீப்பையும் முடியையும் கொண்டு செய்த சூனியம் தர்வான் கிணற்றிலிருந்து வெளிக்கொணரப்பட்ட செய்தி புகாரீயில் இருக்கிறது. மறைத்து வைக்கப்பட்ட பொருள், அது எங்குள்ளது என்னும் அறிவிப்பு, அகற்றியதும் நலம் என்னும் மூன்று உறுப்புகளும் தஞ்சை அரண்மனைக் கதையிலும் அப்படியே உள்ளன. வெற்றிலையால் பிறந்த மகனின் கதையில் மர்யம் (அலை), ஸகரிய்யா (அலை) ஆகியோரின் வரலாறுகள் எதிரொலிக்கின்றன. வெற்றிலை மட்டும் இந்நாட்டுக்குரியது. கப்பற்கதையின் பின்னே, புயலில் சிக்கிய மாலுமிகள் இறைவனை அழைக்கும் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டும் வசனங்கள் (10:22–23, 29:65, 31:32) நிற்கின்றன.

இவ்வொற்றுமையைக் கண்டவுடன் இவை இட்டுக்கட்டப்பட்டவை என்று முடிவுகட்டுவது அவசரம். மனிதர் தம் அனுபவத்தைச் சொல்லத் தொடங்கும்போது, தமக்கு முன்பே தெரிந்த சொற்களிலும் கதையமைப்புகளிலும்தான் சொல்ல முடியும். புயலில் பிழைத்த மரக்காயர் ஒருவர் ஊர் திரும்பித் தம் மீட்சியைக் கூறும்போது, இளமையில் ஓதிய வசனங்களும் மௌலிதில் கேட்ட வரலாறும் அவர் கூற்றை வடிவமைக்கும். சீறாப்புராணத்தில் மதி அழைத்த படலத்தையும் மானுக்குப் பிணைநின்ற படலத்தையும் கேட்டு வளர்ந்த சமூகம், தன் ஊர் வலியின் வாழ்வையும் அவ்வொளியிலேயே கண்டதில் வியப்பில்லை. வலியின் கராமத்து அவர் பின்பற்றும் நபியின் முஃஜிஸாவிலிருந்தே கிளைப்பது என்பதும் நஸஃபீயின் கொள்கையே. புலவர்கள் அதனைக் கதையின் உருவிலும் காட்டினர்.

ஆனால் இலக்கிய நோக்கில் ஒரு குறையைச் சுட்டியாக வேண்டும். கடல் பற்றிய அவ்வசனங்களின் அழுத்தம் மீட்சியில் இல்லை. மீட்சிக்குப் பின் கரையேறியவர் நடந்துகொள்ளும் முறையில் இருக்கிறது. அலைகளுக்கிடையே இறைவனை மட்டுமே அழைத்தவர், தரையைத் தொட்டதும் அவனை மறந்து வேறு துணைகளைத் தேடுகிறார் என்பதே மறையின் கண்டனம். கப்பற்கதையை மக்கள் சொல்லும் வடிவில் இந்த அறப்பகுதி உதிர்ந்து, கண்ணாடி வீசிய விந்தை மட்டும் எஞ்சி நிற்கிறது. மறையின் அச்சைக் கடன் வாங்கிய கதை மறையின் நோக்கத்தைக் கைவிட்டது என்பது, கதை நடந்ததா இல்லையா என்னும் வினாவைவிடப் பெரிய குற்றச்சாட்டு.

அனுபவித்தவரும் கேட்பவரும்

தனிமனித அனுபவத்தைச் சான்றாகக் கொள்ளலாமா என்பது அடுத்த வினா. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) (1058–1111) ‘அல்முன்கித் மினள்ளலால்’ என்னும் தன்வரலாற்று நூலில் இதனை நேரடியாக எதிர்கொள்கிறார். உடல்நலத்தின் இலக்கணத்தை அறிவதும் நலமாக இருப்பதும் வேறு. ஆன்மிக அனுபவத்தையும் ‘தவ்க்’ என்னும் சுவைத்தறிதலாலேயே பெற முடியும் என்பது அவர் நிலைப்பாடு. நாகூரில் தன் துயர் நீங்கியதென்று கண்ணீரோடு சொல்பவரின் அனுபவத்தை, அதனைச் சுவைத்திராத நாம் பொய்யென்று தள்ளிவிட இது இடம் தராது.

அதே நூலில் கஸ்ஸாலீ மற்றோர் எல்லையையும் வகுக்கிறார். பத்தைவிட மூன்று பெரிதென்று ஒருவர் கூறி, அதை நிறுவக் கோலைப் பாம்பாக்கிக் காட்டினாலும், அவர் செய்த விந்தையைக் கண்டு தாம் வியப்பாரேயன்றிப் பத்தே பெரிது என்னும் தம் அறிவில் ஐயுறமாட்டார் என்கிறார். ஆக, அனுபவம் சுவைத்தவருக்கு உறுதி தரலாம். ஆனால் விந்தை எவ்வளவு பெரிதாயினும் அது பகுத்தறிவையும் மார்க்க வரம்பையும் மாற்றி எழுதும் உரிமையைத் தருவதில்லை.

சான்றாக முன்வைக்கப்படும் அனுபவங்களில் வேறொரு சிக்கலும் உண்டு. ரோம அறிஞர் சிசரோ கி.மு. 45-இல் எழுதிய, தெய்வங்களின் இயல்பைப் பற்றிய நூலில் கிரேக்கர் டயகோரஸின் கதை வருகிறது. கடலில் பிழைத்தோர் கோயிலில் வைத்த நேர்த்திப் படங்களை நண்பர் ஒருவர் காட்டியபோது, வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் படங்கள் எங்கே என்று அவர் கேட்டாராம். நாகூரில் தொங்கும் வெள்ளிக் கப்பல்கள் கரை சேர்ந்தவர்களுடையவை. சேராதவர்களின் தகடுகளைத் தொங்கவிட எவருமில்லை. டயகோரஸ் நாத்திகர் எனப் பெயரெடுத்தவர். ஆயினும் அவர் வினா செய்தித் தரத்தைப் பற்றியதாதலால் முஹத்திஸ்கள் கேட்டிருக்கக் கூடிய வினாவே.

2004 டிசம்பர் 26 அன்று இவ்வினா நாகைக் கரையில் ஏட்டு வினாவாக இல்லாது போயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலையில் மாண்டனர். பிழைத்தவர்களுள் தம் உயிர் காக்கப்பட்டதை இறையருளாகக் கண்டோர் நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் மீனவக் குப்பங்களிலும் இருந்தனர். அந்நன்றியுணர்வை யாரும் குறை சொல்ல முடியாது. அதனை ஒரு வலியின் அல்லது தலத்தின் ஆற்றலுக்குச் சான்றாக்கும்போதோ, மாண்டவர்களின் நிலை என்ன என்னும் கேள்வி உடனே எழுகிறது. அவர்களுள் தொழுதவர்கள் இருந்தனர். நேர்த்திக்கடன் செலுத்த வந்தவர்களும் இருந்தனர். நீரில் மூழ்கி இறந்தோர் ஷஹீதின் தகுதி பெறுவர் என்று நபிமொழி அறிவிக்கிறது. அதாவது, மார்க்கம் அவர்களின் மரணத்தைக் கைவிடப்பட்டதன் அடையாளமாகப் பார்க்கவில்லை. பிழைத்தவரின் அனுபவத்தைப் பொதுச் சான்றாக உயர்த்துபவர், தாம் அறியாமலே இறந்தவருக்கு அநீதி இழைக்கிறார்.

கிரகணத்தன்று சொல்லப்பட்டது

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் குழந்தைப் பருவத்தில் இறந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. வானியல் கணக்கின்படி அது கி.பி. 632 ஜனவரி 27 எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது. நபிமகனின் பிரிவுக்காகச் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசத் தொடங்கினர். நேரில் கண்டோர் பலர். காலப் பொருத்தமும் வியக்கத்தக்கது. உள்ளத்தை உருக்கும் சூழலும் இருந்தது. அப்பேச்சை வளரவிட்டிருந்தால் அதைவிடப் பெரிய ‘காரணம்’ வேறிருந்திராது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ, சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், அவை எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் மறைவதில்லை என அறிவித்துத் தொழுகைக்கு அழைத்தார்கள்.

கராமத்து நூல்களைப் பற்றிய விவாதத்தில் இந்நிகழ்ச்சி மிக அரிதாகவே எடுத்துக்காட்டப்படுகிறது. தமக்குச் சார்பாகவே எழுந்த ஓர் அற்புதச் செய்தியை, துயரத்தின் நடுவே, உடனடியாகத் திருத்திய முன்மாதிரி இது. இயற்கையை இறைவனின் அத்தாட்சி என்று உயர்த்திய அதே வாக்கிலேயே, அதனைத் தம் குடும்பத்தின் பெருமையாக்க மறுத்தார்கள். அவ்லியாக்களின்மேல் அன்பு கொண்டோர், அவர்கள் பேரால் வழங்கும் ஆதாரமற்ற செய்தியைத் திருத்துவது அவமதிப்பாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சங்கிலி

இவ்விவாதம் நூலகத்தோடு முடிவதாயின் இத்துணை வற்புறுத்த வேண்டியதில்லை. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவரப்பட்ட மனநோயாளிகளை வைத்திருந்த தனியார் காப்பகம் ஒன்று தீக்கிரையானது. 28 பேர் இறந்தனர். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட இயலவில்லை. அச்சங்கிலியைப் பூட்டியது கராமத்துக் கொள்கையன்று. வறுமையும், மருத்துவ வசதியின்மையும், அலட்சியமும், வணிகமும் அதற்குப் பொறுப்பு. ஆயினும், கனவில் உத்தரவு வரும்வரை நோயாளி அங்கேயே கிடக்க வேண்டும் என்னும் நம்பிக்கை, மேற்சொன்ன அனைத்துக்கும் போர்வையாக உதவியது. இறைத்தூதர் அல்லாதார் காணும் கனவு மார்க்கச் சட்டத்துக்கு ஆதாரமாகாது என்பது நம் ஃபிக்ஹு அறிஞர்கள் ஒருமித்துச் சொன்னது. அதை மேடைகளில் அழுத்தமாகச் சொல்லியிருந்தால், சில குடும்பங்களேனும் நோயுற்ற தம் பிள்ளைகளை முன்னமே மருத்துவரிடம் கொண்டுசென்றிருக்கலாம்.

மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய நபிமொழியும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்கச் சொன்ன நபிமொழியும் நாமறிந்தவையே. பின்னர் ஏர்வாடியில் மருந்தையும் துஆவையும் இணைக்கும் ‘தவா–துஆ’ என்னும் அரசுத் திட்டம் செயற்படுத்தப்பட்டது. மனநோயாளிகளை எவ்வகையிலும் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்தது. சட்டமும் திட்டமும் சொன்னவை நம் ஏடுகளுக்குப் புதியன அல்ல.

டெல்டாவின் உழவர் இவ்விணைப்பை நெடுங்காலமாக வாழ்ந்து காட்டுகிறார். 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். எத்தனையோ ஆண்டுகளில் அவ்வழக்கம் தவறியதையும் அவர் அறிவார். வழக்கத்தை நம்பி நாற்றங்காலைத் தயார் செய்கிறார். அது தவறும்போது மழைத்தொழுகைக்குத் திடலில் கூடுகிறார். தொழுகையை நம்பி விதைக்காமல் இருப்பதுமில்லை, விதைத்ததனால் தொழாமல் இருப்பதுமில்லை. நெருப்புக்கும் பஞ்சு எரிதலுக்கும் உள்ள தொடர்பு இறைவன் நிறுவிய வழக்கமே, தவிர்க்கவியலா நியதியன்று என்று கஸ்ஸாலீ தம் ‘தஹாஃபுத்’ நூலில் நிறுவ முயன்றதும், அற்புதத்தை அறிஞர்கள் ‘வழக்கத்தைக் கிழித்தல்’ என்று வரையறுத்ததும் இப்பின்னணியில் எளிதில் விளங்கும். வழக்கம் கிழியக்கூடும்; கிழியும் என்று எதிர்பார்த்து வழக்கத்தைக் கைவிடுவது மார்க்கம் கற்பித்த நெறியன்று.

வாசிக்கும் முறை

ஸூஃபியாக்களே கராமத்தை இவ்வளவு முன்னிறுத்தவில்லை. ஒருவர் காற்றில் பறப்பதைக் கண்டாலும், ஏவல் விலக்கல்களில் அவர் எப்படி நிற்கிறார் என்று பார்க்கும்வரை ஏமாறாதீர் என்னும் கருத்து பாயஸீத் பிஸ்தாமீ (ரஹ்) பேரால் வழங்குகிறது. முஃஜிஸா வெளிப்படுத்தத் தக்கது, கராமத்து மறைக்கத் தக்கது என்பது அவர்களிடையே வழங்கிய நெறி. தீயோரிடமும் விந்தைகள் வெளிப்படலாம், அது அவர்களை மேலும் வழிதவற விடும் இஸ்தித்ராஜ் ஆகும் என்றும் எச்சரித்தனர். நம் அண்டைச் சமயத்தாரின் பழைய நூலான பதஞ்சலி யோக சூத்திரமும் யோகத்தால் விளையும் ஆற்றல்களை விரிவாகப் பட்டியலிட்டுவிட்டு, அவை சமாதிக்குத் தடைகள் என்றே குறிக்கிறது. ஆற்றலைச் சொல்லி அதிலேயே நின்றுவிடாதே என்று தடுப்பது, ஆன்மிகத்தை ஆழ்ந்து பயின்ற மரபுகளின் பொதுப்பண்பாகத் தோன்றுகிறது.

ஆகவே திருக்காரணப் புராணத்தையும் கன்ஜுல் கராமாத்தையும் ஒதுக்கிவிடுவது நம் இலக்கியச் செல்வத்தை நாமே புதைப்பதாகும். அகீதா ஏடாகக் கொண்டு வாசிப்பது அகீதாவின் விதிகளையே மீறுவதாகும். அவற்றுக்கு ஆய்வுப் பதிப்புகள் வேண்டும். ஒவ்வொரு நிகழ்ச்சியும் முதலில் எந்நூலில், எக்காலத்தில் பதிவாயிற்று, எம்மறைச்செய்தியின் சாயல் அதில் உள்ளது, மக்கள் வழக்கில் அதன் அறப்பகுதி எங்கே உதிர்ந்தது என்பவற்றைக் குறிப்புரையாகத் தரவேண்டும். அரபுத் தமிழ் ஏடுகளையும் மௌலிதுகளையும் உடன்வைத்து ஒப்பிட வேண்டும். இப்பணிக்கு வேண்டிய அறிவும் கருவிகளும் நம் மத்ரஸாக்களிலும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளிலும் தனித்தனியே இருக்கின்றன. அவற்றை ஒன்றிணைப்பதே குறை.

காதிர் வலீ (ரஹ்) அவர்கள் மறைந்து நான்கரை நூற்றாண்டுகள் கடந்த பின்னரும், கந்தூரிக் காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குச் சந்தனக்கூடு வரும் இரவில், சமய வேறுபாடின்றி மக்கள் பெருந்திரளாகக் கூடுகின்றனர். நெல்வயல்களிலிருந்தும் மீன்பிடித் துறைகளிலிருந்தும் வரும் அம்மக்களை ஒரே தெருவில் ஒன்றாக நிற்கச் செய்யும் நிகழ்ச்சியைப் புலன்கள் காண்கின்றன. உண்மையான செய்திகள் உறுதிப்படுத்துகின்றன. நஸஃபீயின் அளவுகோலால் அளந்தாலும் ஐயத்துக்கு இடமில்லாத செய்தி அது. அதற்கப்பால் உள்ளவற்றில் ஒவ்வொருவரும் தாம் சுவைத்ததைத் தம்மளவில் காத்துக்கொள்ளட்டும். பிறருக்குச் சொல்லும்போது சான்றின் அளவுக்கு மேல் சொல்லாதிருக்கட்டும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.